தையல் பிரிக்கப் போனவள்

எலூபே முக்கித்தோவை முதலில் பார்த்தபோது, எங்கள் பள்ளிக்கூடத்து வேலியோரம் ஒரு காளையின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றாள். மாங்கொட்டை தொண்டையில் சிக்கிய காளை அது. நான்கு ஆண்கள் கயிற்றைப் பிடித்து நடுங்கிக்கொண்டிருக்க, அவள் கொட்டையை எடுத்து வீசிவிட்டு, "சோப்பு இருக்கா டீச்சர்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு அவள் சிநேகிதி. எங்கள் நாம்பிரி ஊரில் இரண்டு நாள் வேலை இருந்தால் என் வீட்டில்தான் தங்குவாள். நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. தனி ஆள், வீட்டில் இடம் இருந்தது.

கால்நடைத் துறையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள். முலாஞ்சே மலையின் இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் துறை கொடுத்த பழைய மோட்டார் சைக்கிளில் ஒருத்தியாகப் போய் வருவாள். மாட்டுக்கும் நாய்க்கும் பயந்தவள் இல்லை. மனிதர்கள் குரலை உயர்த்தினால் மட்டும் அவளுக்கு விக்கல் வரும். அவளே சொல்லிச் சிரிப்பாள். "எம் புருசன் விட்டுட்டுப் போன அன்னிக்கி ஒரு மணி நேரம் விக்கினேன் டீச்சர். தண்ணி குடிக்கச் சொல்லிட்டுக் கதவச் சாத்திட்டுப் போனான்." பிள்ளை இல்லை என்பதுதான் அவன் சொன்ன காரணம். இந்த விஷயம் ஊருக்கும் தெரியும். பின்னால் வந்ததற்கெல்லாம் அதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் சொல்லப்போவது நடப்பதற்கு முந்தின மழைக்காலத்தில் ஒரு வெறிநாய் எங்கள் ஊரில் மூன்று பேரைக் கடித்தது. இரண்டு பேர் ஊசி போட்டுப் பிழைத்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த சிமியோனி என்பவர் ஊசிக்குப் போகவில்லை. அவரை வீட்டுத் தூணில் கட்டிப்போட்டிருந்தார்கள்; தண்ணீர்க் குவளையைக் கண்டதும் அவர் போட்ட சத்தத்தை ஊரே கேட்டது. அதனால் எலூபே தடுப்பூசிப் பெட்டியோடு வந்தபோது யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. மரப்பட்டைக் கயிறு, கம்பி, கிழிந்த துணி என்று கையில் கிடைத்ததில் நாயைக் கட்டி இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

எங்கள் பக்கம் நாய்க்குப் பெயர் வைப்பது நாய்க்காக அல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்காக. நேரில் சொல்ல முடியாததை நாயைக் கூப்பிடும் சாக்கில் சொல்லிவிடலாம். எலூபே அட்டையில் எழுதிக்கொண்டே வருவாள். "பேரு?" "பொறாமைப்படாதே." "உங்க நாய்?" "பாத்துக்கலாம்." பாத்துக்கலாம் என்ற அந்தக் கடுவன் நாய் பெஸ்தோனியுடையது. பின்னிருக்கையில் ஆளை ஏற்றிச் சைக்கிள் டாக்சி ஓட்டுகிறவன், ஊரில் குரல் பெரியவன். அவன் மனைவி லினெசியிடம் ஒரு பெட்டை இருந்தது. அதன் பெயர் பேசிக்கோ.

ஊசி போட்ட அன்றே எலூபே பள்ளி மைதானத்தில் எல்லோரையும் உட்காரவைத்து அடுத்ததைச் சொன்னாள். பிளான்டயர் நகரத்திலிருந்து ஓர் அறுவை மருத்துவர் வரப்போகிறார். பெட்டைகளுக்குக் கர்ப்பப்பையை எடுப்பார், கடுவன்களுக்குக் காயடிப்பார். குட்டி பெருகாது, தெருநாய் குறையும், கடியும் குறையும்.

முதலில் எழுந்தவன் பெஸ்தோனி.

"டாக்டரம்மா, காயடிச்ச நாயும் ஒரு நாயா? திருடன் வந்தா 'வாங்க, உக்காருங்க'ன்னு சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். எலூபேயும் சிரித்தாள். "குலைக்கிறது வாயால தம்பி. நான் வாயில கத்தி வைக்கல."

"பொட்டைக்கு ஒரு தடவையாவது குட்டி போட விடணும்மா. பாவம் சுத்தும்" என்றாள் ஒரு பெண்.

பின்னாலிருந்து ஓர் ஆள் எழுந்திருக்காமலே சொன்னான்: "இன்னிக்கு நாய். நாளைக்கு எங்க பொம்பளைங்க. குழந்தை கம்மியா பெத்துக்கோன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க, நாங்க கேக்கல. இப்ப நாய்கிட்ட பழகிப் பாக்குறாங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு குரல் வந்தது. "தனக்கு இல்லாதவ மத்ததுக்கும் இருக்கக் கூடாதுன்னு நெனைக்கிறா."

எலூபே பதில் சொல்ல வாயைத் திறந்தாள். விக்கல் வந்தது. அதோடு கூட்டம் கலைந்தது.

ஆனாலும் முகாம் நாளன்று பத்தொன்பது நாய்கள் வந்தன. பதினெட்டு பெட்டை, ஒரு கிழட்டுக் கடுவன். கொண்டுவந்தவர்கள் முக்கால்வாசிப் பெண்கள். குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றுக்குக் கொண்டுபோகும் வேலை வீட்டில் யாருடையதோ அவர்கள்தான் வந்தார்கள். கடைசியாக, தலையில் விறகுக் கட்டு, கையில் பேசிக்கோ, லினெசி பின்பக்கமாக வந்தாள்.

"அவருக்குத் தெரியாது. வெறகு பொறுக்கப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள். "போன தடவ ஏழு குட்டி, அக்கா. சாக்குக்குள்ள கண்ணு தெறக்காம நக்கிக்கிட்டு இருந்துச்சுங்க. இனிமே எனக்கு முடியாது."

என் வகுப்பறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பிளான்டயர் மருத்துவர் அறுக்க எலூபே உதவினாள். எடுத்த உறுப்புகள் மூடி போட்ட வாளிக்குள் போயின. சாயங்காலம் அதைப் புதைக்கக் குழி வேண்டும், இடுப்பளவு ஆழம் வேண்டும் என்று எலூபே என்னிடம் சொல்லியிருந்தாள். பள்ளிக் காவலாளி முழங்கால் அளவுதான் தோண்டினான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். "போதும், மூடு" என்றேன்.

அந்த நாட்களில்தான் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வர ஆரம்பித்தது. இரத்தம் உறிஞ்சுகிறவர்கள் சுற்றுகிறார்கள். ஊசியோடு வருகிறார்கள், புகை அடித்து மயக்குகிறார்கள், காலையில் எழுந்தால் கையில் சிறு துளையும் உடம்பில் பலவீனமும்தான் மிஞ்சும். யார் பார்த்தது என்று கேட்டால் அத்தை மகன், மைத்துனனின் முதலாளி. ஒரு வாரத்தில் எங்கள் ஊர் ஆண்களும் விசில்களோடு காவல் சுற்றத் தொடங்கினார்கள். சாலையில் மரத்தைப் போட்டார்கள். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்கள் சாக்பீஸ் பெட்டியைத் திறந்தால்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நானும் ஜன்னல் கொக்கியை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். படித்தவள்தான், ஆனாலும் பயந்தேன்.

முகாம் முடிந்த ஆறாம் நாள், ஊர் நாய்கள் அந்தக் குழியைத் தோண்டிவிட்டன. காலையில் கழிப்பறைப் பக்கம் போன ஆட்கள் மண்ணில் கிடந்ததைப் பார்த்தார்கள். முகாமில் அறுத்த பெட்டைகளில் இரண்டு சினையாக இருந்தன. அதனால் கிடந்தவற்றில் உருவம் பிடித்த சிலவும் இருந்தன, விரல் நீளத்துக்கு, முடியில்லாமல்.

பெஸ்தோனியும் ஐந்தாறு பேரும் என் வாசலுக்கு வந்தார்கள்.

"டீச்சரம்மா, ஒங்க பள்ளிக்கூடத்து மண்ணுல இருக்கு. என்ன இது?"

நாய்க் கரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழியை ஆழமாகத் தோண்ட விடாதவள் நான்தான் என்றும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். "எனக்கு எப்படித் தெரியும்? நான் குழிப் பக்கமே போகல" என்றேன்.

"மனுசப் புள்ள மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். நான் அதையும் மறுக்கவில்லை. மத்தியானத்துக்குள் அது 'மாதிரி' இல்லாமலே ஊருக்குள் சுற்றிவிட்டது.

பத்தாம் நாள் தையல் பிரிக்க எலூபே வர வேண்டும். கைபேசியில் கூப்பிட்டு வராதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு அன்று என்னிடம் ஏதோ காரணங்கள் இருந்தன. சிக்னல் இல்லை, பேச்சு அவள் காதுக்கும் எட்டியிருக்கும், அவளே வரமாட்டாள் என்று. அவள் வந்தாள். அவள் போயிருந்த ஊர்களில் இந்தப் பேச்சு இன்னும் எட்டவில்லை. குறுக்கே கிடந்த மரத்தைச் சுற்றி வண்டியைத் தள்ளி வந்து பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பாடம் முடியட்டும் என்று நினைத்தேன். அவள் பையை மாட்டிக்கொண்டு நடந்து போய்விட்டாள். கால் மணி நேரம் கழித்து முதல் விசில் கேட்டது.

இனிமேல் சொல்வது நான் பார்த்ததல்ல. எலூபேயும் லினெசியும் தனித்தனியாகச் சொல்லிக் கேட்டது. இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

எலூபே முதலில் போனது லினெசி வீட்டுக்கு. பெஸ்தோனி சைக்கிள் எடுத்துப் போயிருப்பான், அதற்குள் முடித்துவிடலாம் என்பது அவர்கள் பேசிவைத்தது. பேசிக்கோவின் வாயைத் துணி நாடாவால் கட்டி, மல்லாத்திப் பிடித்து, எட்டுத் தையலில் ஐந்தைப் பிரித்திருந்தாள். விசில் கேட்டது. அடுத்து இன்னொன்று, இன்னும் கிட்டத்தில். பிறகு ஓடுகிற கால்களின் சத்தம்.

லினெசி ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "அக்கா, குதிருக்குள்ள ஏறு."

பிப்ரவரி மாதம். எல்லார் வீட்டுத் தானியக் குதிரும் காலியாக இருக்கும் காலம். மூங்கில் பின்னிய குதிர், நான்கு கட்டைக் கால்மேல் நின்றது. புல் கூரையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, எலூபேயைப் பின்னாலிருந்து தள்ளி உள்ளே விட்டாள் லினெசி. கத்தரிக்கோலையும் பையையும் எடுத்து அடுப்புக்குப் பின்னால் விறகுக்கடியில் ஒளித்தாள். நாயின் வாய்க்கட்டை அவிழ்த்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. அவிழ்ந்த நாய் நேராகக் குதிருக்கடியில் போய் நின்று, மேலே பார்த்துக் குலைக்க ஆரம்பித்தது. பத்து நாளைக்கு முன் தன்னை ஊசியால் குத்தியவள், இப்போது மறுபடியும் குத்த வந்தவள் மேலே இருக்கிறாள் என்று அதற்குத் தெரியும்.

லினெசி விரட்டினாள். போகவில்லை. கல்லை எடுத்தாள். அதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. இருபது பேருக்கு மேல். கையில் கட்டை, வெட்டுக்கத்தி, கல். முன்னால் நின்றது அவள் புருஷன்.

"அந்தப் பொம்பள எங்க?"

"எந்தப் பொம்பள?"

"வண்டி பள்ளிக்கூடத்துல நிக்குது. இந்தப் பக்கம் வந்தத பாத்தவங்க இருக்காங்க."

"வந்தா, போனா. ஊருல எத்தன பேரு வர்றாங்க போறாங்க. நான் என்ன சுங்கச்சாவடியா வச்சிருக்கேன்?"

உள்ளே எலூபே முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். சோளத் தூசி மூக்கில் ஏறியது. மூங்கில் இடுக்குகள் வழியாகத் தொப்பிகளும் தோள்களும் துண்டு துண்டாகத் தெரிந்தன. வயிற்றுக்குள்ளிருந்து விக்கல் கிளம்பி வருவதை உணர்ந்தாள். தலைத்துணியை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். முதல் விக்கல் உடம்பைத் தூக்கிப் போட்டது. குதிரின் கட்டைக் கால் கிரீச்சிட்டது. அதே சமயம் நாய் குலைத்தது.

"நாய் ஏன் மேல பாத்துக் குலைக்குது?" என்றான் ஒருவன்.

"எலி" என்றாள் லினெசி. "நாலு நாளா எலி. நீ ஆம்பளையா இருந்தா புடிச்சிக் குடேன்."

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த கம்பை மூங்கில் இடுக்கில் நுழைத்துக் குத்தினான். முதல் குத்து ஓரமாகப் போனது. இரண்டாவது எலூபேயின் தொடையில் பட்டு நின்றது. அவள் அசையவில்லை. "அந்தக் கம்பு எம்மேல இருந்த நேரத்துல எனக்கு எங்கம்மா பேரே ஞாபகத்துக்கு வரல டீச்சர்" என்று பின்னால் சொன்னாள். அவன் கம்பை உருவி மூன்றாவது முறை ஓங்கினான். தன் முற்றத்தில் அந்நியன் ஒருவன் கம்பை ஓங்குவதை எந்த நாயும் பொறுக்காது. பேசிக்கோ குதிருக்கடியை விட்டுவிட்டுத் திரும்பி அவன் கணுக்காலைக் கவ்வியது.

அவன் அலறினான். பெஸ்தோனி பாய்ந்து நாயின் பிடரியைப் பற்றித் தூக்கினான். நாயின் முன்னங்கால்கள் காற்றில் தொங்கின. வயிறு அவன் கண்ணுக்கு நேராக வந்தது. மழித்த வயிறு, நடுவில் சிவந்த கோடு, கோட்டின் கீழ்ப்பாதியில் மூன்று கறுப்புத் தையல்.

லினெசி அவன் முகத்தைப் பார்த்தாள். பதினோரு வருடக் குடித்தனத்தில் பார்த்துப் பழகிய முகம். அது இப்படிச் சாம்பல் பூத்து அவள் பார்த்ததில்லை. அவனுக்குப் பின்னால் இருபது பேர் கத்தியோடு நின்றார்கள். பத்து நிமிஷத்துக்கு முன்னால், இரத்தக்காரிக்கு உதவி செய்தவர்கள் வீட்டையும் சேர்த்துக் கொளுத்த வேண்டும் என்று சாலையில் கத்தியவனே அவன்தான்.

அந்த நேரத்தில் குதிருக்குள்ளிருந்து விக்கல் கேட்டது. துணிக்குள் அமுங்கிய சின்னச் சத்தம். லினெசிக்குக் கேட்டது.

பெஸ்தோனி நாயை மார்போடு அணைத்துக்கொண்டான், வயிறு தன் சட்டைப் பக்கம் வரும்படி. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, எப்போதையும்விடப் பெரிய குரலில் கத்தினான். "இங்க ஒண்ணுமில்ல. எம் வீட்டுல எலியத் தேடிக்கிட்டு நின்னா அவ ஆத்தத் தாண்டிருவா. ஆத்துப் பக்கம் ஓடுங்கடா!"

ஓடினார்கள். அவனும் ஓடினான், நாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டே.

ஆற்றில் யாரும் கிடைக்காத கோபத்தில் கூட்டம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அதை நான் பார்த்தேன். வந்திருந்த நாற்பது பிள்ளைகளைத் தரையில் குப்புறப் படுக்கவைத்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். பெட்ரோல் வாடை வந்தது. எலூபேயின் மோட்டார் சைக்கிள் எரிந்த வெளிச்சம் எதிர்ச் சுவரில் ஆடியது. அவளையும் பிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். பிள்ளைகள் அழுதார்கள். நான் பெருக்கல் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். இரண்டாம் வகுப்புக்கு ஐந்தாம் வாய்ப்பாடு வரைதான் தெரியும். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

எங்கள் ஊர்த் தலைவி நமலிமா அம்மாள் பேருந்துச் சாலையில் இருக்கும் கடைவீதிக்கு நடந்தே போய்ப் போலீஸ் லாரியோடு திரும்ப மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை எலூபே குதிருக்குள் இருந்தாள். லினெசி குதிருக்கடியில் உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரே கூடைத் துவரை. உரித்து முடித்ததும் தோலையும் பருப்பையும் மறுபடி கலந்து திரும்பப் பொறுக்கிப் பிரித்தாள். எலூபேயை இறக்கியபோது கால் ஊன்ற முடியவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் தூக்கித்தான் லாரியில் வைத்தார்கள்.

அதன் பிறகு அவளை மாவட்ட அலுவலகத்தில் மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். பக்கத்து மைதானத்தில் பந்தாட்ட விசில் ஊதினால் எழுந்துபோய்க் குளிர்பெட்டி அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்வாளாம். கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள்.

நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழியை, வாசலில் வந்து கேட்டவர்களை, கரும்பலகையை. அவள் மருந்துக் குப்பிகளை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"நீ சொல்லியிருந்தா மட்டும் நம்பியிருப்பாங்களா?" என்றாள்.

"தெரியல."

"எனக்கும் தெரியல. ஒருவேள ரெண்டு பேரா ஓடியிருப்போம்." பிறகு முகத்தைத் திருப்பாமலே, "இருந்தாலும் ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம்" என்றாள்.

ஆகஸ்டில் பக்கத்து ஊரில் மறுபடி ஒரு வெறிநாய். எங்கள் ஊரில் மறுபடி முகாம் போட, ஊசிக்கும் அறுவைக்கும் ஆள் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை. எலூபே கை தூக்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, "பிரிக்காத தையல் மூணு பாக்கி இருக்கு" என்றாளாம். வேடிக்கைக்குச் சொன்னதுதான். அந்தத் தையல்களை லினெசி அன்றைக்கே சவர பிளேடால் அறுத்துவிட்டிருந்தாள்.

மோட்டார் சைக்கிள் இனி இல்லை. பேருந்திலிருந்து கடைவீதியில் இறங்கினால் எங்கள் ஊருக்கு ஆறு கிலோமீட்டர். சாலை முக்கில் ஒரே ஒரு சைக்கிள் டாக்சி நின்றது. அது பெஸ்தோனியுடையது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பிப் போக அடுத்த பேருந்து சாயங்காலம்தான். எலூபே ஏறி உட்கார்ந்தாள். எல்லோரும் ஓட்டுகிறவன் இடுப்பைப் பிடிப்பார்கள். அவள் இருக்கைக்கடியில் இருந்த கம்பிச் சுருளைப் பிடித்துக்கொண்டாள். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஆள் நடமாட்டமில்லாத சாலை. அவன் எங்கே நிறுத்தினாலும் கேட்க ஆள் இல்லை. மேடு வந்தபோது நிறுத்தினான். அவள் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மேடு. எறங்கி நடக்கணும்" என்றான்.

நடந்தார்கள். மேட்டின் உச்சியில், சைக்கிளைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டு, அவன் சொன்னான்: "அன்னிக்கி எங்க வீட்டு எலிக்கு விக்கல் எடுத்துச்சு."

அவள் பையை மறு தோளுக்கு மாற்றினாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லல. லினெசிகிட்டகூட. நீங்களும் சொல்லாதீங்க டாக்டரம்மா. அன்னிக்கி இருந்தவங்க இன்னும் ஊருலதான் இருக்காங்க." குரல் இறங்கியிருந்தது. அப்போதுதான் எலூபேக்குத் தெரிந்தது, இத்தனை தூரமும் பயந்துகொண்டே வந்தது தான் மட்டுமில்லை என்று.

இதை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். பெஸ்தோனி போன வருடம் ஊரைவிட்டு மொசாம்பிக் பக்கம் பிழைக்கப் போய்விட்டதால்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்த ஆகஸ்டு முகாமில் எலூபே வாளியை மூடவில்லை. மேசையை வகுப்பறைக்குள் போடாமல் வராந்தாவில் போட்டாள். மருத்துவர் ஒவ்வொன்றையும் எடுக்க எடுக்கத் தட்டில் வைத்து, பார்க்க வேண்டியவர்கள் வந்து பாருங்கள் என்றாள். முதலில் யாரும் கிட்டே வரவில்லை. பிறகு நமலிமா அம்மாள் வந்தார். அவருக்குப் பின்னால் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஆண்கள். குழியை மத்தியானமே, எல்லோர் கண்ணெதிரே தோண்டச் சொன்னேன். காவலாளி குழிக்குள் இறங்கி நிற்க, மண் அவன் இடுப்புக்கு வந்ததா என்று நானே அளந்து பார்த்தேன்.

முப்பத்தொரு நாய்கள் வந்தன. கடுவன் இரண்டே இரண்டு. பேச்சு முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாவம் என்கிறவர்கள் இன்றும் பாவம் என்கிறார்கள். கிழக்குத் தெருவில் நான்கு வீட்டில் எலூபேயின் கையால் ஊசிகூடப் போட விடுவதில்லை. அவள் எந்த வீட்டுக்குள்ளும் போவதில்லை. முற்றத்தில், சாலை தெரிகிற இடத்தில்தான் உட்காருவாள்.

முகாம் அன்று மத்தியானம் பெஸ்தோனி தன் கடுவன் பாத்துக்கலாமைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றான். எலூபே வராந்தாவிலிருந்து குரல் கொடுத்தாள். "தம்பி, கொண்டு வர்றியா?"

அவன் நாயைத் தன் காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். "இது ஊசிக்கு மட்டுந்தான்!"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. எலூபே ஊசியை எடுத்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்தாள்.